எதிரணியின் கோலி

லூசியன் காரோன் கதவைத் திறந்தபோது அவருடைய இடது காலில் மட்டும்தான் ஷூ இருந்தது. இன்னொன்றைக் கையில் பிடித்திருந்தார். ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவர் நான் கதவைத் தட்டியதும் பாதியில் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆற்றோரத் தெருவின் கடைசி மர வீடு, மூன்றாவது மாடி. எழுபத்தேழு வயதில் தினமும் இரண்டு தடவை கீழே இறங்கிப் பாலத்தின் நடுவரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று கீழ்வீட்டுப் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். யாரையும் பார்க்கப் போவதில்லை, யாரும் அவரைப் பார்க்க வந்தும் அவள் பார்த்ததில்லை.

"நூலகத்துலேர்ந்தா?" என்றார்.

"ஆமா. டோரீன் பிக்ஃபோர்ட். போன்ல பேசினேனே."

"பேசினீங்க. வர வேணாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

அவர் கையிலிருந்த ஷூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, உள்ள வாங்க. கதவத் தெறந்துபோட்டா வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போயிடும்" என்றார்.

எங்கள் ஊருக்கு அந்த வருடம் நூற்றைம்பது வயது. அதையொட்டி என்ன செய்யலாம் என்று நகரசபை கூடிப் பேசியபோது சிலை, நீரூற்று என்று பலரும் பலதும் சொல்ல, கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் லாகர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது. நூலகத்தின் பின்னறையில் பழைய பத்திரிகைகளோடு இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் மறுக்கக் காரணம் இல்லை. கணவர் ஃபுளோரிடாவில் வேறொருத்தியோடு இருக்கிறார், மகன் மேற்கே எங்கோ இருக்கிறான். குளிர்காலத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ரொம்ப நீளமானவை.

லாகர்ஸ் என்றால் மரவெட்டிகள். அணியில் ஒருவன்கூட மரம் வெட்டியதில்லை. பாதிப் பேர் கியூபெக்கிலிருந்து வந்தவர்கள், மிச்சம் ஒன்டாரியோ பையன்கள். பெரிய ஆட்டக்காரர்களாக ஆகியிருக்க வேண்டியவர்கள், அல்லது ஒரு காலத்தில் ஓரளவு ஆகிவிட்டுக் கீழே இறங்கி வந்தவர்கள். பகலில் காகித ஆலையில் தரை பெருக்குவது, கட்டு சுமப்பது என்று ஏதாவது செய்வார்கள். புதனும் சனி ஞாயிறும் பனித்தளத்தில் இறங்குவார்கள். ஆலை முதலாளி எல்லிஸ் வார்டல் 1947-இல் அரங்கைக் கட்டினார். மூவாயிரத்து நானூறு பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே பதினெட்டாயிரம்தான். 1953-இல் ஒரே ஒரு முறை கோப்பை வாங்கினார்கள்; அன்றைக்கு ஆலைச் சங்கை நிறுத்தாமல் பதினோரு நிமிடம் ஊதினார்களாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஆலை தீப்பிடித்துவிட்டது என்று வாளிகளோடு ஓடி வந்தார்களாம். பதினான்கு பருவங்கள் ஆடினார்கள். 1961 கோடையில் அணியைத் தெற்கே விற்றுவிட்டார்கள். அதன்பின் அரங்கில் கொஞ்ச காலம் படகுகளை நிறுத்தி வைத்தார்கள். ஒரு பிப்ரவரியில் கூரை பனியின் கனம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் மருந்துக்கடையின் கார் நிறுத்தம் இருக்கிறது.

அணி ஏன் போனது என்று ஊரில் என் வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். காரோன் மேட்ச். புத்தகத்துக்காக நான் பேட்டி எடுத்த முப்பது பேரில் இருபத்தாறு பேர் அதைச் சொன்னார்கள். முடிவெட்டும் பெலாஞ்சே, கத்திரிக்கோலை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு அந்தாளு கையக் கட்டிக்கிட்டு சும்மா நின்னிருந்தாப் போதும். சும்மா நிக்கறதுக்கு என்ன கேடு? நாம இறுதி ஆட்டத்துக்குப் போயிருப்போம், வார்டலும் வித்திருக்க மாட்டான். ஒரு ஊரையே முடிச்சுட்டான்யா."

நானும் அந்த ஆட்டத்தில் இருந்தேன். எட்டு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஊளையிட்டேன். அதன்பிறகு பள்ளிக்கூடம் போகும்போது இந்த வீட்டைத் தாண்டினால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஊளையிடுவோம். வழக்கம் அது; ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

டிசம்பர் மாதத்தில், ஆலை மூடியபோது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் வார்டலின் கடிதங்களின் கார்பன் நகல்கள் இருந்தன. ஒன்று தெற்கில் ஒரு வியாபாரிக்கு எழுதியது. பருவம் முடிந்ததும் அணி, சீருடைகள், லீகில் உள்ள இடம் எல்லாம் உங்களுடையவை, ஆட்டங்களின் முடிவு எப்படி இருந்தாலும் இதில் மாற்றமில்லை என்று நான்கு வரி. கீழே தேதி: 1961 ஜனவரி 11. காரோன் மேட்ச் நடந்தது மார்ச் 19.

அந்தத் தாளோடு நான் அன்று முழுக்கப் பின்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வருடம் ஓர் ஊர் ஒரு மனிதனைக் குற்றவாளியாக வைத்திருந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதற்கான சான்று என் மடியில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் அழுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் அழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

சமையலறை மேஜையில் எனக்குக் காபி வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மேஜையில் வைத்து, சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார்.

"இத ஏன் எங்கிட்ட காட்டறீங்க?"

"நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான். அணி போனதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல மிஸ்டர் காரோன். ரெண்டு மாசம் முன்னாடியே வித்துட்டாங்க."

"இது தெரிய வேண்டியவங்க எல்லாம் செயின்ட் ஆன் கல்லறைல படுத்திருக்காங்க. அங்க போய்ப் படிச்சுக் காட்டுங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பையிலிருந்து பழைய பத்திரிகையின் நகலை எடுத்தேன். வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று, "பேப்பர்ல போட்டிருக்கறதெல்லாம் சரியான்னு மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்" என்று படிக்க ஆரம்பித்தேன். கிளென்பே அணி இரண்டு, லாகர்ஸ் ஒன்று. வலையைக் காக்க நின்ற மாற்று கோலி காரோன் தடுத்தவை முப்பத்தெட்டு.

"முப்பத்தொம்போது" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"முப்பத்தொம்போது. ரெண்டாவது பகுதி முடியறதுக்கு முன்னாடி ஒண்ணு, வலது முட்டில பட்டு வெளிய போச்சு. எழுதறவன் அந்த நேரம் குனிஞ்சு பென்சில் சீவிட்டிருந்திருப்பான்." அவருடைய வலது கை மேஜைக்கு அடியில் போய் முழங்காலைத் தடவியது. "இங்க. சாயங்காலம் வரைக்கும் வலிச்சுது."

அவர் முகம் மாறியிருந்தது. ஐம்பது வருடப் பழக்கத்தில் இறுக மூடியிருந்த ஏதோ ஒன்று சற்று நெகிழ்ந்ததுபோல. நான் வாயைத் திறக்கவில்லை. பேட்டி எடுத்துப் பழகியதில் எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு ஒரு கோலிதான் வருவான். யாருக்காவது அடிபட்டால், இரண்டு அணிகளில் எதற்காக இருந்தாலும், மாற்று ஆளை உள்ளூர்க்காரர்கள்தான் கொடுக்க வேண்டும். லாகர்ஸ் வைத்திருந்த மாற்று ஆள் லூசியன். ஆலையில் காகிதம் உலர்த்தும் உருளைகளுக்கு முன்னால் வேலை. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நேராக அரங்குக்குப் போய், பயிற்சியில் வலைக்கு முன்னால் நிற்பார். ஆறு குளிர்காலம் அப்படி நின்றார். ஆட்ட நாட்களில் ஸ்கேட் காலணிகளைக் கான்வாஸ் பையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் வேர்க்கடலை தின்றபடி உட்கார்ந்திருப்பார். ஆறு வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

அண்ணன் ரோலான் அவரைவிட மூன்று வயது மூத்தவர். அப்பா ஆலையில் செத்த பிறகு தம்பியை வளர்த்தவர், அதே தளத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர். ஆட்டத்துக்கு ரோலான் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. ஆற்றுப்பக்க வலைக்குப் பின்னால் கம்பிவேலியில் விரல்களை மாட்டிக்கொண்டு நிற்பார். ஆட்டம் முடிந்து பார்த்தால் விரல்களில் கம்பித் தடம் பதிந்திருக்கும்.

அரையிறுதியின் ஏழாவது ஆட்டம், ஞாயிறு மதியம். ஜெயித்தவர்கள் இறுதிக்குப் போவார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் எங்கள் வாலி ஸ்டென்சன் அடித்த வட்டு கிளென்பே கோலியின் கண்ணுக்குக் கீழே பட்டது. முகமூடி எல்லாம் அப்போது கிடையாது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பயிற்சியாளர் மக்ரே படி ஏறிக் கடைசி வரிசைக்கே வந்துவிட்டார்.

"எந்திரி லூ. அவங்களுக்கு ஆள் வேணுமாம்."

"எவங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான்."

கிளென்பேயின் நீலச் சட்டை அவருக்கு முழங்கால்வரை தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு தளத்தில் இறங்கியதும் அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அதிர்ஷ்டம் நம் பக்கம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ரோலானின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "அதான்டா என் தம்பி. கதவ நல்லாத் தெறந்து வையிடா."

"நானும் சிரிச்சேன்" என்றார் லூசியன். "கூச்சமா இருந்துது. ரெண்டாவது நிமிஷமே வாலி ஒண்ணு போட்டான். எல்லாரும் குதிச்சாங்க. சரி, இப்படியே நாலஞ்சு போகும், வீட்டுக்குப் போகலாம்னு நின்னேன். அப்பறம் ஒண்ணு வந்துது. கைய நீட்டினேன், கைல இருந்துது. அடுத்தது வந்துது. அதுவும் கைல."

அவருக்கு எல்லோரையும் தெரியும். எவன் அடிக்கும் முன் மட்டையை ஒருமுறை தட்டுவான், எவன் எந்தப் பக்கம் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் அடிப்பான் எல்லாம் ஆறு வருடப் பயிற்சியில் அவர் உடம்பில் ஏறியிருந்தது. நம்மிடம் கற்றதை நமக்கு எதிராகவே காட்டினான் என்று பிறகு ஊர் சொன்னது இதைத்தான். தங்கள் கோலிக்கு அடிபடும் முன்பே ஒரு கோல் போட்டிருந்த கிளென்பே, இரண்டாவது பகுதியில் இன்னொன்றும் போட்டு இரண்டு ஒன்று ஆனது. சிரிப்பு நின்றது. மூன்றாவது பகுதிக்கு அணிகள் பக்கம் மாறியபோது லூசியன் ஆற்றுப்பக்க வலைக்கு வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் அண்ணன்.

"டேய் காரோன், நீ எந்த ஊருடா?" என்று யாரோ கத்தினார்கள். அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது நினைவிருக்கிறது. நானும் கத்தினேன்.

"ரோலான் கத்தல" என்றார் அவர். "ஆட்டம் அந்தப் பக்கம் போனப்போ, கம்பிகிட்ட வாய வச்சு மெதுவாச் சொன்னான். 'லூ. ஒண்ணு விடு. ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் தெரியாது.' ரொம்ப அன்பாச் சொன்னான். சின்ன வயசுல ஜுரம் வந்தா கஞ்சி குடிக்கச் சொல்வான், அந்தக் குரல்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திரும்பிப் பாக்கல."

கடைசி நிமிடத்தில் ஸ்டென்சன் தனியாக வந்தான். முன்னால் யாருமில்லை. அவன் இடது தோளை இறக்கினால் வட்டு வலது மூலைக்குத் தரையோடு வரும். தோளை இறக்கினான். லூசியன் அங்கே போய்ப் படுத்தார். வட்டு கையுறைக்குள் வந்து விழுந்த சத்தம் தனக்குத் தெளிவாகக் கேட்டது என்றார். மூவாயிரத்து நானூறு பேர் இருந்த இடத்தில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கிளென்பேக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அவர்களில் ஒருவனுக்கும் அவர் பெயர் தெரியாது. குளித்துவிட்டுப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள். வெளியூர்க்காரர்களின் உடைமாற்றும் அறையில் நீலச் சட்டையைக் கழற்றி மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது மக்ரே வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தாராம். மக்ரே கதவருகிலேயே நின்று, "ஆறு வருஷம் உன்னப் பக்கத்துலயே வச்சிருந்திருக்கேன். நான் எங்கய்யா பாத்துட்டிருந்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அவர் மனைவி ஜெர்மேன் ரேடியோவில் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோலானும் அவர் மனைவி இவெட்டும் சாப்பிட வருவது வழக்கம். இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ செய்து நான்கு தட்டு வைத்திருந்தாள். ஏழு மணிவரை பார்த்துவிட்டு இரண்டு தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். அவர்கள் பிறகு வரவே இல்லை. ஜூனில் அணி விற்ற செய்தி வந்தபோது எல்லாம் முடிவாகிவிட்டது. ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்காரும் மேஜை காலியாகும். மாதா கோயில் விருந்தில் ஜெர்மேன் கொண்டுவைக்கும் பை வெட்டாமல் அப்படியே இருக்கும், அவள் திருப்பி எடுத்து வருவாள். ரோலான் அதே தளத்தில், பதினைந்தடி தூரத்தில், இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் நிற்கும் ஆளிடம் சொல்வார்: "அந்தாள்கிட்ட சொல்லு, ரெண்டாம் உருளை சூடாயிருச்சுன்னு." 1989-இல் ரோலான் இறந்தபோது லூசியன் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, இவெட் திரும்புவதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றேன். எனக்கே அது அசட்டுத்தனமாகக் கேட்டது.

அவர் காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"ஜெர்மேன் ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஒருநாள் கேட்டா. 'லூ, அன்னிக்கு அப்படிப் பண்ணினதுக்கு நீ வருத்தப்பட்டியா?' நாப்பத்தி மூணு வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. எனக்காக ஊரோட உறவையே விட்டவ அவ. 'ரொம்ப' அப்படின்னேன். கையத் தட்டிக் குடுத்தா." கோப்பையைத் தள்ளி வைத்தார். "பொய்யி. ஒருநாளும் வருத்தப்படல. அந்த அம்பது நிமிஷம் மாதிரி எனக்கு வாழ்க்கைல வேற எதுவும் இல்ல. கல்யாணம்கூட இல்ல. பொண்ணு பொறந்தப்பக்கூட இல்ல. வட்டு கெளம்பறதுக்கு முன்னாடி எனக்கு அது எங்க வரும்னு தெரிஞ்சுது. எல்லாமே மெதுவா நடந்துது. நான் இதுக்குத்தான் பொறந்திருக்கேன்னு நெனச்சேன். யாருகிட்டச் சொல்ல? எனக்கு வேண்டியவங்க எல்லாரும் தோத்த பக்கத்துல இருந்தாங்க."

வெளியே பனிவாரும் வண்டி ஒன்று தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?"

"நீங்க எனக்கு யாருமில்லையே" என்றார் சாதாரணமாக.

அப்போது நான் அவரிடம், எட்டு வயதில் ஊளையிட்டதைச் சொன்னேன். இந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் கத்தியதையும். அவர் முதல்முறையாகச் சிரித்தார். "செவப்புத் தொப்பி போட்ட குட்டியா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். "நீங்க இல்லையா? அது வேற யாரோ. அவ நல்லாக் கத்துவா."

கிளம்பும்போது கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத புஸ்தகத்துல போடாதீங்க."

"மிஸ்டர் காரோன், இது உங்கள—"

"எனக்குத் தெரியும் அது என்னன்னு. ஆனா இதப் போட்டா ரோலான் என்னாவான்? இருபத்தெட்டு வருஷம் ஒண்ணுமில்லாததுக்குத் தம்பிய ஒதுக்கி வச்ச முட்டாள்னு ஆயிடுவான். அவனால இனிமே வந்து எதையும் சரி பண்ண முடியாது. அவன் நெனச்சது சரின்னே இருந்துட்டுப் போகட்டும்மா. என்னால அன்னிக்கு அவனுக்கு ஒண்ணு விட முடியல. இத விடறேன்."

பதினோரு வாரம் அந்தக் கடிதம் என் மேஜையில் இருந்தது. வீட்டில் யாரிடமாவது கேட்கலாம் என்றால் வீட்டில் யாருமில்லை. போட்டால் அவர் கேட்ட ஒரே விஷயத்தை மறுத்தவளாவேன். போடாவிட்டால் ஒரு பொய்யை அச்சில் ஏற்றி நூலக முத்திரை குத்தியவளாவேன். என் பேரன் காலத்திலும் பெலாஞ்சேயின் பேரன் அதே கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு அதையே சொல்வான். மார்ச் மாதத்தில் அச்சகத்துக்குப் போகும் அன்று காலை நான் ஒரு கோழைத்தனமான காரியம் செய்தேன். அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அரையிறுதி ஆட்டத்தைப் பற்றிய அத்தியாயத்தில் கடிதத்தைச் சொல்லவில்லை. தடுத்தவை முப்பத்தொன்பது என்று மட்டும் திருத்தினேன். புத்தகத்தின் கடைசியில், பொடி எழுத்தில் வருடவாரியாகக் கொடுத்திருந்த குறிப்புகளில், 1961-க்குக் கீழே மூன்று வரி சேர்த்தேன். ஜனவரி 11, அணி விற்பனை உறுதியானது. மார்ச் 19, அரையிறுதியில் தோல்வி. ஜூன் 2, விற்பனை அறிவிப்பு. யார் மீதும் ஒரு சொல்லும் இல்லை. தேதிகள் மட்டும்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை மதியம் நூலகத்தில் வெளியீடு. நல்ல கூட்டம். ஆப்பிள் சாறும் டோனட்டும் வைத்திருந்தோம். மேயர் பேசினார். எல்லோரும் புத்தகத்தை வாங்கியதும் புகைப்படப் பக்கங்களுக்குப் போய்த் தங்கள் அப்பாவையும் மாமாவையும் தேடினார்கள். பெலாஞ்சே தன் மருமகளிடம் சத்தமாக, "அந்தக் காரோன் மேட்ச் இருக்கா பாரு. எத்தன தடுத்தான்? முப்பத்தொம்போதா? பாத்தியா, பாவி" என்றார். கடைசிப் பக்கங்களை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. லூசியன் வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் இவெட் காரோனைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சிறிய உருவம், நீலத் தொப்பி. விரலை வைத்து வரி வரியாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர் என்று தெரிந்தது. முதல் பக்கத்திலிருந்து ஒன்றையும் விடாமல் படித்திருக்கிறார். விரல் கடைசிப் பக்கத்தில் நின்றிருந்தது.

"இந்தத் தேதி சரியா?"

"சரிதான், மிஸஸ் காரோன்."

"ஜனவரியா? ஜூனுக்குப் பதிலா அச்சுல தப்பாப் போயிடலையே?"

"இல்ல. கடுதாசி நூலகத்துல இருக்கு. வேணும்னா காட்டறேன்."

வேண்டாம் என்று தலையாட்டினார். விரலை எடுக்கவில்லை.

"ரோலானுக்கு இது தெரியாது" என்றார்.

"அப்ப யாருக்கும் தெரியாது."

"எல்லா ஞாயித்துக்கெழமையும் பை செய்வேன். அடுப்புலேர்ந்து எடுத்ததும் ஜன்னலப் பாத்துட்டு நிப்பார். ஆத்தோரத் தெரு எங்க ஜன்னல்லேர்ந்து தெரியும். 'போயிட்டு வாங்களேன்'னு ஒருதடவ சொன்னேன். ஒருதடவதான் சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பெயரைச் சொல்லவில்லை. ஐம்பது வருடமாகச் சொல்லாத பெயர் சட்டென்று வாயில் வராது போல.

"இப்பத் தெரியும்."

"என்ன சொன்னார்?"

நான் மடித்த நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன். புத்தகத்தில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த ஊரில் அதுவரை நான் யாருடைய விஷயத்திலும் தலையிட்டதில்லை. தாள்களில் மட்டும்தான் கைவைத்திருந்தேன்.

"புஸ்தகத்துல போட வேணாம்னார்" என்றேன். "ரோலானுக்கு அவமானமாயிடும்னார்."

இவெட் புத்தகத்தை மூடினார். கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டார். எழுந்து வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காரைக் கண்டுபிடிக்க முடியாதவர்போல் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு காலையிலிருந்தே ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது, ஏப்ரலில் பெய்யும் கனமான பனி. மதியம் லூசியனுக்கான பிரதியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆற்றோரத் தெருவுக்கு நடந்தேன். நான் செய்ததை நானே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன்.

கடைசி வீட்டுக்கு முன்னால் ஒரு பழைய பச்சைக் கார் நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் விழும் பனியைத் துடைப்பான்கள் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தன. அவை விலகும் நேரத்தில் மட்டும் உள்ளே நீலத் தொப்பி தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இவெட் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ, காரைச் சுற்றித் தரையில் புதுப்பனி கால் தடம் ஏதும் இல்லாமல் விழுந்திருந்தது.

நான் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். மேலே பார்த்தேன். வெளிப்படிகளின் உச்சியில், கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல், லூசியன் மண்வாரியோடு நின்றிருந்தார். காரின் பக்கம் அவர் திரும்பவில்லை. ஒரு படியில் இருந்த பனியை வாரி ஓரமாகத் தள்ளினார். சுத்தமாகிவிட்டதா என்று ஷூவால் தேய்த்துப் பார்த்தார். அந்தப் படிக்கு இறங்கினார். கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த படியில் மண்வாரியை வைத்தார்.